எந்தக் கதவை முதலில் தட்டுவது? சிறப்பு மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோருக்குத் தமிழ்நாட்டில் உதவி தேடும் வழிகாட்டி

என் மகனுக்கு மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) என்று மருத்துவர் சொன்னபோது அவனுக்குப் பதினான்கு மாதம். வலிப்புக்கு ஒரு மருந்துச் சீட்டுடன் வெளியே வந்தேன். அடுத்து எங்கே போக வேண்டும் என்று யாரும் எழுதித் தரவில்லை. அதைச் சொன்னது பயிற்சி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு தாய். "முதலில் பிறப்பு சமயத்து டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள் அக்கா, எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்" என்றார். பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் புதிதாக வரும் பெற்றோரிடம் நான் முதலில் சொல்வது அதைத்தான்.

தமிழ்நாட்டில் உதவி இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது நான்கு துறைகளில் சிதறிக் கிடக்கிறது. சிகிச்சை மக்கள் நல்வாழ்வுத் துறையிடம், அட்டையும் உதவித்தொகையும் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடம், படிப்பு பள்ளிக்கல்வித் துறையிடம், வருமானச் சான்று வருவாய்த் துறையிடம். ஒரு மேசையில் இருப்பவருக்கு அடுத்த மேசையில் என்ன கிடைக்கும் என்று பெரும்பாலும் தெரியாது. ஒன்றைக் காட்டித்தான் இன்னொன்றை வாங்க முடியும் என்பதால் போகும் வரிசை முக்கியம். நான் வரிசை மாறிப் போய் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளை இழந்தேன்.

முதல் படி: கோப்பு

நல்ல தடிமனான பிளாஸ்டிக் கோப்பு ஒன்று வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், பிரசவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு, குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்திருந்தால் அதன் விவரம், ஸ்கேன், மூளையின் மின் அலைப் பதிவான இஇஜி, ரத்தப் பரிசோதனை முடிவுகள், செவித்திறன் பரிசோதனை, தடுப்பூசி அட்டை, குழந்தையின் ஆதார், பெற்றோர் ஆதார், குடும்ப அட்டை, ஒரு டஜன் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். ஸ்கேன் பிலிமை மடிக்காதீர்கள். அறிக்கைத் தாள்களை எல்லாம் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும். ஒரு அலுவலகத்தில் "நாளை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா" என்று வாங்கி வைத்த என் மகனின் எம்ஆர்ஐ அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை.

முன்பக்கத்தில் ஒரே ஒரு தாள் வையுங்கள். குழந்தையின் பெயர், பிறந்த தேதி, எடை, நோயின் பெயர், தற்போதைய மருந்துகளும் அளவுகளும், ஒவ்வாமை, கடைசியாக வலிப்பு வந்த நாள், பார்க்கும் மருத்துவர்கள். நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடும்போது பேச வராது. அந்தத் தாள் பேசும். வலிப்போ விசித்திரமான அசைவோ வந்தால், குழந்தையைப் பாதுகாப்பாக ஒருக்களித்துப் படுக்க வைத்த பிறகு, வீட்டில் இன்னொருவரை அரை நிமிடம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு நம் வர்ணனையைவிட அது உதவும்.

வருமானச் சான்றை இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். குழந்தையின் பெயரில், பெற்றோரில் ஒருவரைக் காப்பாளராகக் கொண்டு வங்கிக் கணக்கையும் தொடங்குங்கள். பிறகு தேவைப்படும்போது தேடினால் ஒவ்வொன்றும் ஒரு வாரத்தைத் தின்னும்.

இரண்டாம் படி: நோயின் பெயருக்காகக் காத்திராமல் பயிற்சியைத் தொடங்குவது

பலர் இங்கேதான் தவறுகிறோம். "என்ன நோய் என்று உறுதியாகத் தெரியட்டும், பிறகு பயிற்சி" என்று காத்திருக்கிறோம். கழுத்து நிற்கவில்லை, எட்டு மாதமாகியும் உட்காரவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை என்றால், காரணம் தெரிவதற்கு முன்பே உடல் இயக்கம், பேச்சு போன்றவற்றுக்கான பயிற்சியைத் தொடங்கலாம். தொடங்கவும் வேண்டும். "ஆண் பிள்ளை, மெதுவாகத்தான் பேசுவான்", "அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினார்" என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

போக வேண்டிய இடம் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம். பெற்றோர் வாயில் அது 'டிஇஐசி'. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் வருகிறது. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். எல்லா மாவட்டத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இருப்பவர்களைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அதே திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கும் ஒரு முறை அரசுப் பள்ளிக்கும் வரும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் என நான்கு வகையையும் பதினெட்டு வயது வரை பார்ப்பார்கள். பிறவி இதய நோய், பிளவு உதடு, வளைபாதம் போன்றவற்றுக்கு அவர்கள் தரும் பரிந்துரைச் சீட்டு பெரிய மருத்துவமனையின் கதவைத் திறக்கும். குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்டு வையுங்கள்.

சென்னைக்கு அருகில் இருப்பவர்களுக்கு கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 2005-இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். எல்லா வகைக் குறைபாட்டுக்குமான ஆரம்பநிலைப் பயிற்சி மையம் 2021 முதல் அங்கே இயங்குகிறது. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சிப் பிரிவும் பலருக்கும் தெரிந்தவை. தொண்டு நிறுவனங்களில், சென்னை கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர், தியாகராய நகரில் சிறு குழந்தைகளுக்கான பயிற்சியில் நெடுங்காலமாக இருக்கும் மதுரம் நாராயணன் மையம், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் ஆகியவற்றைச் சொல்வேன். ஆய்க்குடிக்காரர்கள் கிராமங்களில் வீட்டுக்கே வந்து பயிற்சி சொல்லித் தருவதையும் பழக்கமாக வைத்திருக்கிறார்கள்.

தூரத்தில் இருக்கும் பெரிய நிறுவனத்துக்கு மாதம் ஒரு முறை போவதைவிட, பக்கத்தில் இருக்கும் சுமாரான மையத்துக்கு வாரம் மூன்று நாள் போவது மேல். பெரிய இடத்தில் ஆண்டுக்கு இரு முறை மதிப்பீடு செய்து திட்டம் வாங்கி வந்து, பக்கத்து மையத்திலும் வீட்டுப் பாயிலும் அதைச் செய்யலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகவே முடியாத நிலை என்றால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: சான்றும் அட்டையும்

"இவ்வளவு சின்னக் குழந்தைக்கு ஊனச் சான்றா, முத்திரை குத்துவது போல் இருக்கிறதே" என்று என் மாமியார் அழுதார். நானும் அழுதேன், அதனால் ஓராண்டு தள்ளிப்போட்டேன். அது தவறு. அந்தச் சான்று இல்லாமல் கீழே சொல்லப்போகும் பல கதவுகள் திறக்காது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு ஆகியவற்றோடு, ஹீமோபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய ரத்த நோய்களும் அதில் உண்டு. ரத்த நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை.

விண்ணப்பம் இணையத்தில். ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் பதியலாம். பிறகு அரசு மருத்துவமனையிலோ மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் நடத்தும் முகாமிலோ மருத்துவர் பார்த்துக் குறைபாடு எத்தனை விழுக்காடு என்று போடுவார். அதன் பேரில் வருவதுதான் தனித்துவ அடையாள அட்டை. எல்லோரும் 'யுடிஐடி' என்பார்கள். 40 விழுக்காட்டுக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். சலுகைகள் பெரும்பாலும் 40-இல் தொடங்குகின்றன.

முகாம் நாளில் காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள். குழந்தைக்குச் சாப்பாடு, மருந்து, மாற்று உடை, ஒரு விரிப்பு எடுத்துச் செல்லுங்கள். அன்று நல்ல மனநிலையில் இருக்க வேண்டும் என்று குழந்தைக்கு எதையும் பழக்கிக் கூட்டிப் போகாதீர்கள், அன்றாடம் எப்படி இருக்கிறதோ அப்படியே மருத்துவர் பார்க்கட்டும். "வீட்டில் என்ன செய்வான்?" என்று கேட்டால் பெற்ற பாசத்தில் கூட்டிச் சொல்வது நம் இயல்பு. என்ன செய்ய முடியாது என்பதை எழுதி எடுத்துப் போங்கள்: தானாகச் சாப்பிட மாட்டான், கழிவறைக்குச் சொல்ல மாட்டான், இரவில் மூன்று முறை எழுவான், இப்படி.

இன்னொன்று. மூளை முடக்குவாதக் குழந்தைக்குக் கைகால் இயக்கத்தை மட்டும் பார்த்து விழுக்காடு போட்டு அனுப்பிவிடுவது உண்டு. அறிவு வளர்ச்சியிலும் தாமதம் இருந்தால், உளவியலாளரின் மதிப்பீட்டோடு அதையும் சேர்த்துக் குறிப்பிடக் கேளுங்கள். ஏன் என்றால் மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகைக்கு உடல் இயக்கக் குறைபாடு 75 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், அறிவுசார் குறைபாடு 40 இருந்தாலே போதும். இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருப்பது தாளில் விடுபடக் கூடாது. சின்ன வயதில் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. அது முடியும் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறியுங்கள்.

நான்காம் படி: பணம்

பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கடுமையான பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச் சிதைவு போன்றவற்றுக்கு உண்டு. விண்ணப்பம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில். எப்போதும் ஒருவர் உடனிருந்தே ஆக வேண்டிய குழந்தைக்கு, உதவியாளருக்கான தொகை பற்றியும் அங்கேயே கேளுங்கள். நாமாகக் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வது அரிது. சக்கர நாற்காலி, மூளை முடக்குவாதக் குழந்தைக்கான சிறப்பு நாற்காலி, காதொலிக் கருவி ஆகியவையும் இங்கேதான். நாற்காலியை அளவு பார்க்காமல் வாங்கி வராதீர்கள். இயன்முறை சிகிச்சையாளர் குழந்தையை உட்கார வைத்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள், பொருந்தாத நாற்காலி முதுகைக் கோணலாக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுப் பிரிவுக்குப் போனால் பதிவு செய்வார்கள். காது கேளாத குழந்தைக்கு உள்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இதில் உண்டு, ஆறு வயதுக்குள் என்பதை மறக்காதீர்கள். கருவி வைத்த பிறகு கேட்கவும் பேசவும் பழக்கும் பயிற்சி நீண்ட நாள் ஆகும். அதற்கு நேரம் ஒதுக்க முடியுமா என்று குடும்பத்தில் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இந்தக் காப்பீடு பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான். வாராவாரம் போகும் பயிற்சிச் செலவுக்கு நிராமயா இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த, மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் காப்பீடு அது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. புறநோயாளிச் செலவும் பயிற்சிக் கட்டணமும் ஒரு வரம்பு வரை திரும்பக் கிடைக்கும். 'ஏற்கெனவே இருக்கும் நோய்' என்று தட்டிக்கழிக்க மாட்டார்கள், சேருமுன் மருத்துவப் பரிசோதனையும் கேட்பதில்லை. காப்பீட்டு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது, புதுப்பிக்க மறந்தால் போயிற்று. அறக்கட்டளையில் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் மூலம் சேர்வது எளிது. ரசீதில் குழந்தையின் பெயர், தேதி, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

வருமான வரி கட்டுபவர் பழைய வரி முறையில் இருந்தால், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாயும், 80 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். ரயிலில் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணை வருபவருக்கும் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 விழுக்காடு சலுகை. பேருந்துச் சலுகை அட்டையை நல அலுவலகத்தில் கேளுங்கள். அரசு ஊழியராக இருந்தால் ஒரு வேலை தள்ளக்கூடாதது: பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் பணிப்பதிவேட்டில் இப்போதே ஏற்றுங்கள். நமக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் அவனுக்குத் தொடர அது தேவைப்படும்.

ஐந்தாம் படி: அட்டைக்குள் அடங்காத நோய்கள்

முதல் வகைச் சர்க்கரை நோய், பிறவி இதய நோய் போன்றவை அந்த 21-இல் வராது. இந்தப் பெற்றோர் மேலே சொன்ன அலுவலகத்தில் அலைய வேண்டாம், மருத்துவமனைதான் அவர்களுக்கு எல்லாம். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசம். கோவையில் இதயங்கள் அறக்கட்டளை முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைகளுக்காகவே இயங்குகிறது. ஹீமோபீலியா அந்த 21-இல் இருந்தாலும் அதற்கும் மருத்துவமனைதான் முக்கியம்: ரத்தம் உறைய உதவும் உறைவுக் காரணி ஊசி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அரிய மரபணு நோய் என்றால் 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியலில் உள்ள நோய்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு, ஆனால் குறிப்பிட்ட உயர் சிறப்பு மையத்தில் பதிந்திருக்க வேண்டும். நமக்கு அருகில் பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் அத்தகைய மையங்கள் உள்ளன.

ஆறாம் படி: பள்ளி

சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பதும் நம் உரிமை. அரசுப் பள்ளியில் சேர்த்ததும் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையத்தை அணுகுங்கள். சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறை சிகிச்சையாளரும் அங்கே இருப்பார்கள். பள்ளிக்கு வர இயலாத குழந்தைக்கு வீட்டுக்கே வந்து சொல்லித் தரும் ஏற்பாடும் உண்டு. தலைமையாசிரியரிடம் ஒன்றைத் தவறாமல் கேளுங்கள்: எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில் குழந்தையின் குறைபாடு ஏற்றப்பட்டிருக்கிறதா? அதில் இல்லாத குழந்தை எந்தப் பட்டியலிலும் வராது.

பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் குறைபாட்டுக்கு ஏற்பக் கிடைக்கும். தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பம் போக வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாமல் ஒன்பதாம் வகுப்பிலேயே சான்றுகளைத் தயார் செய்யுங்கள்.

ஏழாம் படி: மனிதர்கள்

எல்லா அரசாணையையும்விட எனக்கு உதவியது அந்த பெஞ்ச். எந்த மருந்து எந்தக் கடையில் கிடைக்கும், எந்த மருத்துவர் பொறுமையாகப் பேசுவார், முகாம் எந்த மாதம் என்பதெல்லாம் அங்கே தெரியும். உங்கள் மையத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழு இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் நான்கு பேரை வைத்துத் தொடங்குங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. இந்தக் குழுக்களில்தான் 'ஸ்டெம் செல் போட்டால் ஆட்டிசம் போய்விடும்' என்ற விளம்பரமும் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை, சில ரத்த நோய்கள் போன்றவற்றுக்கான ரத்தக் குருத்தணு (ரத்த ஸ்டெம் செல்) மாற்றைத் தவிர வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் ஆய்வுக்கு வெளியே ஏற்கவில்லை. நகையை அடகு வைக்குமுன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தூக்கமும் இதில் ஒரு மருந்துதான். மனம் தாங்காத இரவில் 14416-ஐ அழைக்கலாம். டெலிமானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை எண், தமிழில் பேசுவார்கள். கூடப்பிறந்த பிள்ளையை மாதத்தில் ஒரு நாளாவது தனியே எங்காவது கூட்டிப் போங்கள். என் மகள் ஒன்பது வயதில் "எனக்கும் ஏதாவது நோய் வந்தால்தான் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவாயா?" என்று கேட்டாள்.

எட்டாம் படி: கதவு திறக்காதபோது

எந்த மனுவையும் இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனு. வழி தெரியாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் உதவி எண் 1800 425 0111. உலக வங்கி உதவியுடன் நடக்கும் உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையம் உங்கள் பகுதியில் வந்திருக்கிறதா என்றும் அங்கேயே கேளுங்கள். நாட்கள் ஓடினால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு, அல்லது முதலமைச்சர் உதவி எண் 1100. அதற்கும் அசையாவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு: 'என் விண்ணப்பம் எந்த நிலையில், யார் மேசையில், எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது?' பதில் தர 30 நாள் கெடு. என் அனுபவத்தில் பதிலுக்கு முன்பே காரியம் முடிந்துவிடும். உரிமையே மறுக்கப்பட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம்.

ஒன்பதாம் படி: பதினெட்டு

பிள்ளை பதினெட்டைத் தொட்ட அன்றே சட்டத்தின் கண்ணில் நாம் அவனுடைய பாதுகாவலர் அல்ல. வங்கிக் கணக்கிலோ சொத்திலோ அறுவை சிகிச்சை ஒப்புதலிலோ கையெழுத்துப் போட்டால் கேள்வி வரும். தேசிய அறக்கட்டளையின் அந்த நான்கு குறைபாடுகளுக்கு, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று வாங்கலாம், நீதிமன்றம் போக வேண்டியதில்லை. நேர்காணலுக்குப் பிள்ளையையும் அழைத்துப் போக நேரலாம்.

என் மகனுக்குப் பதினாறு முடிந்துவிட்டது. கோப்பில் இதற்கென்று ஒரு புதிய உறை வைத்திருக்கிறேன். எங்களுக்குப் பின் யார் என்ற வரியில் என் தம்பியின் பெயரை பென்சிலால் எழுதியிருக்கிறேன். அவனிடம் இன்னும் பேசவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான்.